படத்தில் இல்லாதவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்

கண்ணு நவீன்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது, உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அச்சகத்துக்காரர் போனில் அனுப்பியிருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். திவ்யாவின் பெயருக்குக் கீழே அவள் படித்த படிப்பு இருந்தது. உன் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை. "ஏஞ்சாமி, நீ படிச்ச பட்டத்தப் போட்டறலாமா? பொண்ணூட்டுல போட்டிருக்காங்களே" என்று அப்பா கேட்டார். நீ தோசையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "வேண்டாங்ப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சட்னி போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாயே, அதே மாதிரி சொன்னாய். மூன்று வருடம் நீ நடிப்புப் படித்த பட்டம் அது. அந்தப் படிப்பை உனக்குத் தேர்ந்தெடுத்தவள் நான். அன்றிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. நேரில் பேசினால் "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருடமும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் சித்தி செல்வி படித்தாலும், பிள்ளையை நடிப்புப் படிக்க அனுப்ப நினைக்கிற எந்தத் தாய் தகப்பன் கைக்குப் போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

என்னைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு நல்ல பெயர் உண்டு. "பையன் நடிக்கப் போறேன்னு சொன்னதுக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, தைரியமான பொம்பள" என்பார்கள். நானும் அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கிறேன். மறுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நீ கேட்டதைக் கொடுத்தேனா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பிள்ளைக்குத் தடை போடுகிற பெற்றோரை எல்லோருக்கும் தெரியும், அவர்களோடு சண்டையாவது போடலாம். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அந்த இஷ்டத்துக்குள்ளேயே புகுந்து தன் இஷ்டத்தை நடத்திக்கொள்கிற பெற்றோரோடு எப்படிச் சண்டை போடுவது? உனக்கு நான் அந்த வாய்ப்பைக்கூடத் தரவில்லை.

உனக்கு இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்ததை முதலில் பார்த்தது கணபதியில் இருக்கும் நம் கிரைண்டர் கடையில்தான். சோமனூரிலிருந்து ஒருவர் நம்மிடம் வாங்கிய கிரைண்டரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து சண்டை பிடித்தாரே, நினைவிருக்கிறதா? "ஏனுங்கம்மணி, மாவாட்டற மிசினு குடுத்தீங்களா, தறி ஓட்டற மிசினு குடுத்தீங்களா? எங்கூர்ல தறிச் சத்தம் பத்தலைன்னு இது வேறயா?" என்று வாசலில் நின்றே கத்தினார். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், எனக்கு அவமானமாக இருந்தது. நீ பள்ளிக்கூட யூனிபாரத்தோடு உள்ளிருந்து வந்தாய். வாயாலேயே கிரைண்டர் ஓடுவது போல் ஒரு சத்தம் எழுப்பினாய். "இப்படிங்களா சத்தம் வருது? இல்ல, இப்படிங்களா?" என்று இன்னொரு விதமாகவும் எழுப்பிக் காட்டினாய். அவர் வாயைப் பிளந்து நின்றார். "ரெண்டாவதுதானுங்க தம்பி" என்றார். "அப்ப கல்லு நல்லாத்தானுங்க இருக்குது, பெல்ட்டுத்தான் கோளாறு" என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு, அவர் வாசலில் நின்று கத்தியதை அப்படியே எங்களுக்கு நடித்துக் காட்டினாய். கேலியாக இல்லை. அந்த மனுசன் தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து வாழ்ந்து, வீட்டிலாவது சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார் என்பது, நீ நடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பதினோராம் வகுப்பில் ஒரு நாடகப் போட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். அதில் நீ ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஒரு கிழவன். மற்ற பிள்ளைகள் எல்லாம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், நீ சும்மா நின்றுகொண்டே இருந்தாய். கடைசியில் கடையை மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும், வெறும் பையை நாலாக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாய். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, உனக்கு ஒரு வசனங்கூடக் குடுக்கலயா?" என்பதுதான். நீ தலையில் இருந்த பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றாய். இன்றைக்கு நினைத்தால், உன் படிப்பை முடிவு செய்யும் தகுதி எனக்கு இல்லை என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பிளஸ் டூ முடிந்ததும் நடிப்புத்தான் படிப்பேன் என்றாய். சரி என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வழி உன் அக்காவை இன்ஜினியரிங் சேர்த்த வழிதான். நம் ஊரில் கல்லூரிக்கா பஞ்சம்? ஒவ்வொரு கல்லூரிக்கும் போய், எந்தக் கம்பெனி ஆள் எடுக்க வருகிறது, போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவளைச் சேர்த்தேன். அவளுக்கு நல்லபடியாக அமைந்தது. அதனால் நான் கேட்கிற கேள்விதான் சரியான கேள்வி என்று ஒரு கர்வம் வந்துவிட்டது. நடிப்புக்கும் அதையேதான் கேட்டேன்: இங்கே படித்தவர்களில் யார் பெரிய ஆளாக வந்திருக்கிறார்கள்?

சென்னையில் அந்தத் தனியார் கல்லூரிக்கு முதலில் போனோம். உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிரும் பூ வாசனையும். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படங்கள். நாம் தியேட்டரில் பார்த்த முகங்கள், டிவியில் தினமும் பார்க்கிற முகங்கள். அட்மிஷன் பார்க்கிற இளைஞர் டையெல்லாம் கட்டிக்கொண்டு, "இந்த ஹீரோ எங்க ஸ்டூடண்ட்தான் மேடம்" என்று சுவரின் நடுவில் இருந்த பெரிய படத்தைக் காட்டினார். நான் அந்தச் சுவரையே போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீ மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். வகுப்பறை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக, அடுக்கி வைத்த நாற்காலிகள்தான் தெரிந்தன. "சார், கிளாஸ் நடக்கறதக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டாய். "அட்மிஷன் ஆனதும் பாத்துக்கலாம் தம்பி" என்று அவர் சிரித்தார். நீ இப்படிக் கேட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் சமையல்கட்டுக்குள் நுழைந்த மாதிரி என்று நினைத்து, உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

அடுத்த வாரம், நீ கேட்டுக்கொண்டதற்காக, பக்கத்து மாநிலத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழக நாடகத் துறைக்குப் போனோம். ஒரு பழைய கட்டடம், அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு பெரிய கூடம். சுவரில் ஒரு படமும் இல்லை. பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டும், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டும் எதையோ பழகிக்கொண்டிருந்தார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பேராசிரியை உன்னைப் பார்த்ததும், "எதுக்கு வாசல்ல நிக்கற? செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்தபோது முட்டியெல்லாம் தூசி, சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. உன் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அதற்கு முன்னால் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை என்று எழுதும்போதுதான், கண்ணு, எனக்கு இங்கே பேனா நிற்கிறது.

நான் அந்த அம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "உங்ககிட்டப் படிச்சவங்க யாருங்க பெரிய ஆளா வந்திருக்காங்க?" அவர் படிக்கட்டில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். "பெரிய ஆள்னா... ஒரு பொண்ணு காது கேட்காத குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக் குடுக்கறா. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு குழு வெச்சு ஊர் ஊராப் போறாங்க. ஒருத்தன் டப்பிங் பேசறான். ஒருத்தன் சினிமாவுல இருக்கான், பாத்தா உங்களுக்கு முகம் தெரியும், பேர் தெரியாது. சிலர் இதை விட்டுட்டு வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவங்களும் இப்பவும் என்கிட்டப் பேசிட்டுத்தாம்மா இருக்காங்க" என்றார். அப்புறம் தன் போனை எடுத்து, "நம்பர் தரேன், நீங்களே பேசிப் பாருங்க. விட்டுட்டுப் போனவங்க நம்பரும் தரேன். அவங்ககிட்டப் பேசினாத்தான் உங்களுக்கு நிஜம் தெரியும்" என்றார். நான் "பரவாயில்லைங்க" என்று எழுந்துவிட்டேன். அப்பாதான் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வந்த பஸ்ஸில் நான் உன்னிடம் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "இத்தன வருசமா நடத்தறாங்க, சட்டுனு ஒரு பேரு சொல்ல முடியல பாத்தியா." நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அம்மா, அந்த ஹீரோ அங்க என்ன கத்துக்கிட்டாருன்னு அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டாய். "ஜெயிச்சுப்போட்டு நிக்கறவனப் பாத்து என்ன படிச்சேன்னு கேக்கறதா?" என்று நான் வாயை அடைத்தேன். எத்தனை நல்ல கேள்வி அது. கடைக்கு மோட்டார் எடுக்கும்போது நான் கேட்பது என்ன? ஷோரூமில் ஓடுகிற மோட்டாரைப் பார்த்து நான் எடுப்பதில்லை. எரிந்துபோய்த் திரும்பி வந்தது எத்தனை, எதனால் எரிந்தது என்று மெக்கானிக்கைப் போய்க் கேட்டுத்தான் எடுப்பேன். மாவாட்டுகிற இயந்திரம் எடுப்பதில் இருந்த புத்தி, பெற்ற பிள்ளையின் படிப்பில் எனக்கு இல்லாமல் போய்விட்டது.

அப்பா அந்த நம்பர்களில் ஒன்றுக்குப் பேசினார். இது உனக்குத் தெரியாது. குடோனில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காது கேட்காத குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிற அந்தப் பெண்ணிடம் வெகுநேரம் பேசினார். வந்து என்னிடம், "அந்தப் புள்ள எச்சா ஒண்ணும் சம்பாதிக்கறதாட்டத் தெரியல. ஆனா அங்க படிச்சதப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டீங்குது. பையன அங்கயே உட்டுறலாம் அம்மணி" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏனுங்க, நாளைக்கு இவனுக்குப் பொண்ணு கேட்டுப் போற எடத்துல, என்ற பையன் படிப்பப் பத்திச் சந்தோசமாப் பேசுவானுங்கன்னு சொல்லுவீங்களா?" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசாத மனுசரைக் கட்டிக்கொண்டவள், தான் சொன்னதுதான் சரி என்று எளிதாக நம்பிவிடுவாள். நீயும் அவரைப் போலவே பேசாமல் சம்மதித்தாய். திவ்யாவிடம் மட்டும் அப்படி இருந்துவிடாதே. வேண்டாம் என்று தோன்றினால் சத்தமாக வேண்டாம் என்று சொல். அவளையும் சொல்ல விடு.

சென்னைக்குப் போன முதல் வருடம் நீ போன் செய்யும்போதெல்லாம் ஒரு குறை இருக்கும். கிளாஸ் எடுத்த ஆசிரியர் பாதியில் நின்றுவிட்டார், புதியவர் வரவில்லை. யாராவது பிரபலம் வருவார், பேசுவார், எல்லோரும் செல்பி எடுத்துக்கொள்வார்கள், அதுதான் அன்றைய பாடம். சுவரின் நடுவில் இருந்தாரே, அந்த ஹீரோவும் ஆண்டு விழாவுக்கு வந்தார். "அம்மா, அவரு இங்க மூணு வருசமெல்லாம் படிக்கல. மொதப் படத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் டான்ஸ் பழக வந்திருக்காரு. அவங்கப்பாவே புரொடியூசரு" என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "குறை சொல்லிக்கிட்டே இருந்தா ஒண்ணும் வெளங்காது கண்ணு. அங்கிருந்துதான வந்திருக்காங்க? அவங்களுக்கு முடிஞ்சது உனக்கு ஏன் முடியாது?" என்றேன். அதற்குப் பிறகு நீ குறை சொல்வதை நிறுத்திவிட்டாய். "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்பதோடு போன் முடிந்தது. பையன் பழகிவிட்டான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிள்ளை பேசுவதை நிறுத்தினால் அது பழகிவிட்டதால்தான் என்று எந்தத் தாயும் நினைக்கக்கூடாது. நான் நினைத்தேன்.

படிப்பு முடிந்ததும் சாலிகிராமத்தில் அறை எடுத்து ஆடிஷன் ஆடிஷனாக அலைந்தாய். ஒரு டீத்தூள் விளம்பரம் கிடைத்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கோப்பையோடு, பல் தெரியச் சிரிப்பாய். டிவியில் அது வரும்போதெல்லாம் கடையில் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துக் காட்டுவேன். உனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். யார் சிரிப்பையோ கடன் வாங்கி ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் காட்டினேன். பிறகு ஒரு நாள் மத்தியானம் பெட்டியோடு வந்து நின்றாய். "போதும்மா" என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னிடம் வந்துதான் முடியும் என்று பயந்தேன். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாய். நல்ல பெயர் எடுத்தாய், அதில் எனக்குக் குறையில்லை. வெளிநாட்டுக்காரரிடம் பேசி ஆர்டர் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று உன் முதலாளியே சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நம் வீட்டில் நீ யாரைப் போலவும் பேசிக் காட்டியதில்லை. கடைக்கு ஆள் வந்தால் விலையைச் சொல்கிறாய், பில் போடுகிறாய்.

இனி உனக்கு முழுதாகத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் சித்தி மகள் செல்வி, தன் மகள் யாழினி நடிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று என்னிடம் வந்தாள். "நீங்கதானுங்க்கா அனுபவப்பட்டவங்க, கூட வந்து பாத்துக் குடுங்க" என்றாள். அவள் கேட்டது அந்தக் கல்லூரியைத்தான். நான் முன்பு வாட்ஸ்அப்பில் போட்ட அந்தச் சுவர்ப் படத்தை அவள் இன்னும் போனில் வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். நேரில் போய்ப் பார்த்தால் அவளுக்கே புரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூன்று பேரும் சென்னைக்குப் போனோம்.

அதே வரவேற்பறை. சுவரில் படங்கள் கூடியிருந்தன. செல்வி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், "அக்கா! இங்க வாங்க! நம்ம நவீனு!" என்று கத்தினாள். ஆமாம், நீதான். கையில் டீக் கோப்பை, வெள்ளைச் சட்டை, அந்தச் சிரிப்பு. கீழே எங்கள் பெருமைக்குரிய மாணவர் என்று எழுதி உன் பெயர். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம பையன் போட்டோவே மாட்டியிருக்காங்கன்னா அப்பறம் என்னங்க்கா, கண்ண மூடிட்டுச் சேத்தறலாம்" என்றாள். அட்மிஷன் பார்க்கிற பெண் ஒருத்தி, நாங்கள் யாரென்று தெரியாமல், "அவர் ஆட் ஃபிலிம்ஸ்ல பிஸியா இருக்கார் மேடம்" என்றாள். நான் ஏமாந்த அதே இடத்தில், என் பிள்ளையின் முகத்தைக் காட்டி என் தங்கச்சியை ஏமாற்றுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "நான் அவனப் பெத்தவங்கம்மணி" என்றேன். "அவன் நடிப்ப உட்டு வருசமாச்சு. திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில இருக்கறான்." அந்தப் பெண் திகைத்து, "சாரி மேடம், எங்ககிட்ட அப்டேட் இல்ல" என்றாள். "இவனோட ஒட்டுக்காப் படிச்ச பசங்க எல்லாம் என்ன பண்றாங்கன்னு அப்டேட் இருக்குதுங்களா? யாராச்சும் ரெண்டு பேரு நம்பர் குடுங்க, பேசிப்போட்டு வாரேன்" என்றேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றாள். கிளாஸ் பார்க்கலாமா என்றேன். அட்மிஷன் ஆனதும் பார்க்கலாம் என்றாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவளுக்கும் யாழினியை விட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். நீ கேட்டதை நான் கேட்டேன், கண்ணு. காலம் தாழ்ந்து கேட்டேன்.

வெளியே வந்ததும் செல்விக்குக் கோபம். "நீங்க இப்படிப் பேசிப்போட்டு வந்திருக்க வேண்டாங்க்கா. நம்ம நவீனுக்கு அமையல. அதுக்காக என்ற புள்ளைக்கும் அமையாதுங்களா?" என்றாள். அந்தக் குரல் என் குரலேதான். படத்தில் இருக்கிறவர்களைப் பார்த்தால் நாமும் அதில் ஒருவர் என்று தோன்றுகிறது. படத்தில் இல்லாதவர்களைப் பற்றிச் சொன்னால், அவர்கள் யாரோ என்று தோன்றுகிறது. ஆட்டோவுக்காக ரோட்டோரத்தில் நின்றோம். அப்போது யாழினிதான், "பெரீம்மா, நான் நவீனண்ணன்கிட்டப் பேசட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவள் உன்னிடம் பேசினாள். நீ அதை என்னிடம் சொல்லவே இல்லை. அவள்தான் பிறகு சொன்னாள். நீ யாரையும் குறை சொல்லவில்லையாம். "சொவத்துல யாரு இருக்காங்கன்னு பாக்காத. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு இன்னும் அங்க இருக்காரான்னு பாரு. ஒரு நாள் முழுக்க கிளாஸ்ல உக்கார உடறாங்களான்னு பாரு. ஜெயிச்சவங்ககிட்ட மட்டுமில்லாம, உட்டுப்போட்டுப் போனவங்ககிட்டயும் பேசு. அவங்களுக்கு அந்தப் படிப்பு மேல இன்னும் ஆசை இருக்குதான்னு கேளு" என்றாயாம். "நீங்களும் உட்டுப்போட்டவங்கதானுங்ணா, உங்களுக்கு ஆசை இருக்குதுங்களா?" என்று அந்தக் குட்டி கேட்டிருக்கிறாள். "அந்தக் கேள்விக்கு இருக்குதுன்னு சொல்ல முடியலயே, அதனாலதான் நான் அங்க போயிருக்கக் கூடாதுன்னு சொல்றேன்" என்றாயாம். இதை யாழினி என்னிடம் சொன்னபோது நான் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

யாழினி இந்த வருடம் அந்த நாடகத் துறையில் சேர்ந்திருக்கிறாள். செல்வி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, பிறகு அவளே கொண்டுபோய் விட்டாள். குட்டை முடி அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் படித்தவர்களில் ஒருவரே இப்போது அங்கே சொல்லித் தருகிறாராம். யாழினி பெரிய நடிகையாவாளா, தெரியாது. அங்கே படித்திருந்தால் நீ பெரிய நடிகனாகியிருப்பாய் என்றும் நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் அந்தச் சுவரைத்தான் கட்டிக்கொண்டிருப்பேன். உனக்கு நடிப்பு வாழ்க்கையாகாமல் போயிருக்கலாம். ஆனால் அதன் மேல் உனக்கிருந்த ஆசை உன்னிடமே இருந்திருக்கும். திருப்பூர் வேலைக்கு அப்புறம், சாயங்காலம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்காவது ஒரு கூடத்தில் நீ நாடகம் போட்டிருப்பாய். நான் வந்து பார்த்திருப்பேன். வசனம் இல்லாத வேடம் கொடுத்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்பேன்.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது எதையாவது படிக்கிறேன் என்று வந்து நிற்கும். அது கேட்கிற கேள்வியை முதலில் கேள், கண்ணு. நமக்குத் தெரிந்த கேள்விகள் எல்லாம் நம் பயத்திலிருந்து வந்தவை. அதன் கேள்வி ஆசையிலிருந்து வருவது. கூட அலைந்து விசாரி, ஊர் ஊராகப் போ, நம்பர் வாங்கு, பேசு. ஆனால் அது உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது அதன் முகத்தைப் பார். அதைவிடப் பெரிய சான்று எந்தக் கல்லூரியிலும் கிடையாது. எனக்கு அது கிடைத்தது. பார்த்தும் விட்டுவிட்டேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சென்னையிலிருந்து திரும்பி வந்த பகல் ரயிலில், செல்வியும் யாழினியும் தூங்கிய பிறகு, உனக்குப் போன் செய்தேனே. அந்தக் கல்லூரிச் சுவரில் உன் படம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கண்ணு, அங்க உன்ற போட்டோவ மாட்டி வெச்சிருக்கறாங்க. எடுக்கச் சொல்லிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியும்மா" என்றாய். "மாட்டறப்பவே பிரண்டு ஒருத்தன் சொன்னான். எடுக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன். எப்பவாச்சும் நீ அந்தப் பக்கம் போனா, பாத்து சந்தோசப்படுவியேன்னு உட்டுப்போட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ரயிலில் சிக்னல் போய்விட்டது என்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நீயும் பரவாயில்லம்மா என்று பதில் போட்டாய்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு.

உன் அம்மா